புரமோஷன் வாங்காத கோச்சுகள்... அமெரிக்க ஃபுட்பாலில் 'லைன்' வாத்தியார்களின் கரியர் கணக்கு

2016 ஜனவரி 24. அமெரிக்காவின் டென்வர் நகரம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியின் நட்சத்திரம் டாம் பிரேடி பந்தைக் கையில் வாங்கிய போதெல்லாம் யாராவது ஒருவர் வந்து மோதிக்கொண்டே இருந்தார்கள். ஒரே ஆட்டத்தில் 20 அடி. 20-18 என்ற கணக்கில் டென்வர் பிராங்கோஸ் ஜெயித்து, சூப்பர் பவுல் இறுதிக்குப் போனது.

ஆட்டம் முடிந்த கையோடு பேட்ரியாட்ஸ் முகாமில் ஒருவரின் வேலை போனது. பிரேடிக்கு ஒன்றும் ஆகவில்லை. தலைமைப் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனது 'ஆஃபென்சிவ் லைன் கோச்' வேலை. அந்த நாற்காலிக்கு அணி கூப்பிட்டது, இரண்டு வருடம் முன்பே ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்த டான்டே ஸ்கார்னெக்கியாவை. அப்போது அவருக்கு 68 வயது ஆகப்போகிறது.

அடுத்த சீசனில் என்ன ஆச்சு? பந்து கையில் இருக்கும்போதே குவார்ட்டர்பேக்கைத் தரையில் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். 2015 சீசனில் பேட்ரியாட்ஸ் 38 சாக் வாங்கியது. ஸ்கார்னெக்கியா திரும்பி வந்த 2016இல் அது 24ஆகக் குறைந்தது. அட்லாண்டா ஃபால்கன்ஸிடம் 28-3 எனப் பின்தங்கியிருந்து, 34-28 என்று ஜெயித்து சூப்பர் பவுலையும் தூக்கியது.

முழு கிரெடிட்டையும் கோச்சுக்குக் கொடுத்துவிட முடியாது. காயத்தால் 2015 சீசனின் பெரும்பகுதியைத் தவறவிட்ட நேட் சோல்டர் திரும்பி வந்ததும் ஒரு காரணம். ஆனா, ஒரு அணி தோற்ற உடனே யாரை மாற்றுகிறது என்பதிலேயே விஷயம் இருக்கு. இந்த வேலையின் முக்கியத்துவம் அணிகளுக்கு நல்லாவே தெரியும். தெரிந்தும், அதைச் செய்கிறவர்களை இந்த விளையாட்டு ஒரு நடுப்படியில் நிற்பவர்களாகத்தான் பார்க்கிறது. விருது, பதவி, பெயர் எல்லாம் மேல்படிக்குத்தான். இது அநியாயம் என்பது ஒரு பக்கம். அணிகளுக்கே இதில் நஷ்டம் என்பது இன்னொரு பக்கம்.

யார் இந்த ஐந்து பேர்?

அமெரிக்க ஃபுட்பால் பார்த்தே பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். தாக்கும் அணியில் 11 பேர். அதில் முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர்தான் ஆஃபென்சிவ் லைன். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். பெரும்பாலும் ஒவ்வொருவரும் 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவுக்கு மேல். சென்டர் பந்தைப் பின்னால் தள்ளிக்கொடுப்பதோடு சரி. மற்றபடி இந்த ஐந்து பேரும் சாதாரணமாக பாஸ் பிடிக்க விதியே அனுமதிப்பதில்லை. ஓடி ஸ்கோர் எடுப்பதும் இவர்கள் வேலை இல்லை. எதிராளியை மறிக்க வேண்டும், அவ்ளோதான்.

'அவ்ளோதான்' என்று சொல்லிவிட்டோமே தவிர, அது லேசுப்பட்ட வேலை இல்லை. குவார்ட்டர்பேக்குக்கு பந்து வீச ஏறக்குறைய இரண்டரை, மூன்று விநாடி தேவை. அந்த நேரத்தை வாங்கிக்கொடுப்பது இந்த ஐந்து பேர். முதல் அடி எந்தப் பக்கம் வைக்க வேண்டும், கை எதிராளியின் மார்பில் எங்கே பட வேண்டும், இடுப்பு எவ்வளவு தாழ வேண்டும் என்பதெல்லாம் அங்குலக் கணக்கு. எதிராளிகள் இரண்டு பேர் திடீரென இடம் மாறி, குறுக்கே ஓடி வருவார்கள். 'உன் ஆளை நான் பார்த்துக்கிறேன், என் ஆளை நீ பார்த்துக்கோ' என்பதை வாய் திறக்காமலேயே இருவரும் புரிந்துகொள்ள வேண்டும். கபடியில் கார்னரும் கவரும் செயின் பிடித்து நகர்வதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். நாலு பேர் சரியாகச் செய்து ஒருவர் அரை விநாடி தாமதித்தாலும் ஆட்டம் காலி. டிவியில் தெரிவது அந்த ஒருவரின் தவறு மட்டும்தான்.

ரன்னிங் பேக்குக்கு யார்டு கணக்கு இருக்கு. ரிசீவருக்கு கேட்ச் கணக்கு இருக்கு. லைன்மேனுக்கு ரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்கிற மாதிரி எந்த எண்ணும் இல்லை. ஆட்டக்காரருக்கே இல்லாதபோது அவருடைய வாத்தியாருக்கு எங்கிருந்து வரும்?

ஆனால் சில சமயம் கணக்கு தானாகவே வெளியே வரும். 1990களின் டென்வர் பிராங்கோஸ் அதற்கு நல்ல உதாரணம். அங்கே லைனை உருவாக்கியவர் அலெக்ஸ் கிப்ஸ். மற்ற அணிகள் பெரிய உடம்புக்காரர்களைத் தேடியபோது, இவர் எடை குறைந்த, வேகமாக நகரக்கூடிய லைன்மேன்களை வைத்து 'ஸோன் பிளாக்கிங்' சொல்லிக்கொடுத்தார். ஆளைக் குறிவைத்து மோதாமல், ஐந்து பேரும் ஒரே திசையில் நகர்ந்து, எந்த இடத்தில் யார் வந்தாலும் மறிக்கும் முறை அது. 1998இல் டெரல் டேவிஸ் இந்த லைனுக்குப் பின்னால் 2,008 யார்டு ஓடினார். அடுத்த வருடம் அவருக்குக் காயம். ஒலாண்டிஸ் கேரி என்ற புதுமுகம் வந்தார், 1,159 யார்டு. அதற்கடுத்த வருடம் மைக் ஆண்டர்சன் என்ற இன்னொரு புதுமுகம், 1,487 யார்டு. டேவிஸும் ஆண்டர்சனும் டிராஃப்டில் ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்டவர்கள், கேரி நாலாவது சுற்று. மூன்று வருடத்தில் மூன்று ஓட்டக்காரர்கள் மாறினார்கள். மாறாமல் நின்றது லைனும் அதன் பாடமுறையும்தான்.

51 வயதில் முதல் என்.எஃப்.எல். வேலை

இந்த வேலைக்கு வருகிற வழி எப்படி இருக்கும்? ஜெஃப் ஸ்டவுட்லேண்டின் பாதையைப் பார்த்தால் போதும்.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் 1962இல் பிறந்தவர். சதர்ன் கனெக்டிகட் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் ஆடினார். வேடிக்கை என்னவென்றால், அவர் ஆடியது லைனில் இல்லை. எதிர்ப்பக்கம், லைன்பேக்கராக. 1980களின் நடுவில் அதே கல்லூரியில் கோச்சிங்கைத் தொடங்கினார். பிறகு சைராக்யூஸில் 'கிராஜுவேட் அசிஸ்டன்ட்'. நம்மூர் பாஷையில் சொன்னால், இயக்குநராக ஆசைப்படுகிறவர் கிளாப் அடிக்கும் காலம் மாதிரி. காசு சொற்பம், வேலை ஏராளம். வீடியோவை வெட்டுவது, எதிரணியின் ஆட்டத்தைக் குறிப்பெடுப்பது, கூப்பிட்ட இடத்துக்கு ஓடுவது.

அங்கிருந்து மறுபடி சதர்ன் கனெக்டிகட், அப்புறம் கார்னெல், மீண்டும் சைராக்யூஸ், மிச்சிகன் ஸ்டேட், மயாமி என்று ஊர் ஊராக மூட்டை கட்டினார். 2011இல் நிக் சேபன் தலைமையிலான அலபாமாவுக்கு வந்தார். இரண்டு சீசன், இரண்டு தேசிய சாம்பியன் பட்டம். 2013இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கூப்பிட்டபோது அவருக்கு 51 வயது. என்.எஃப்.எல். என்ற மேல்மட்ட லீகில் அதுதான் அவருடைய முதல் வேலை.

30 வயதுக்குள் டீம் லீட் ஆகலைன்னா வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு என்று லிங்க்ட்இன்னைப் பார்த்துப் பதறுகிற தலைமுறைக்கு இந்தத் தேதிகள் கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியும். ஆனால் லைன் கோச்சுகளில் இது அபூர்வம் இல்லை. ஸ்கார்னெக்கியாவின் கதையும் இப்படித்தான். 1970இல் தொடங்கி 1982 வரை ஐந்து கல்லூரிகள். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் அவருடைய தலைமைப் பயிற்சியாளராக இருந்த ரான் மேயர் 1982இல் பேட்ரியாட்ஸுக்குப் போனபோது, கூடவே இவரும் போனார். அப்போது வயது 34.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். உதவிப் பயிற்சியாளரின் வேலை, தலைமைப் பயிற்சியாளரின் தலையோடு கட்டப்பட்டது. அவர் நீக்கப்பட்டால் பெரும்பாலும் மொத்தக் குழுவும் வெளியே. புதுசாக வருபவர் தன் ஆட்களோடு வருவார். குழந்தைகளின் பள்ளி, வீட்டு வாடகை, மனைவியின் வேலை எல்லாம் அடுத்தவரின் தோல்விக் கணக்கைப் பொறுத்து ஆடும். அந்தச் சூழலில் ஸ்டவுட்லேண்ட் ஈகிள்ஸில் சிப் கெல்லி, டக் பீடர்சன், நிக் சிரியானி என மூன்று தலைமைப் பயிற்சியாளர்களின் கீழ் நீடித்தார். வந்தவர்கள் எல்லோரும் மற்றவர்களை மாற்றினாலும் இவரை வைத்துக்கொண்டார்கள். ஸ்கார்னெக்கியாவும் அப்படித்தான். நடுவில் இரண்டு சீசன் இண்டியானாபொலிஸ் போய்வந்தது தவிர, பார்செல்ஸ், கேரல், பெலிசிக் என்று முதலாளிகள் மாறினாலும் பேட்ரியாட்ஸை விட்டு நகரவில்லை.

மேலே போகணும்னா லைனை விடணும்

என்.எஃப்.எல். கோச்சிங் ஏணி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதலில் ஒரு பொசிஷன் கோச். அதற்கு மேல் கோஆர்டினேட்டர், அதாவது தாக்குதல் அல்லது தற்காப்பு முழுவதற்கும் பொறுப்பாளர். அதற்கு மேல் தலைமைப் பயிற்சியாளர். லீகில் மொத்தமே 32 அணிகள், ஆகவே 32 தலைமை நாற்காலிகள்.

இந்த ஏணியில் லைன் கோச்சுக்கு ஒரு தனிச் சிக்கல். உரிமையாளர்கள் தேடுவது பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கை வளர்க்கத் தெரிந்தவரை, ஆட்டத்தின் நடுவே அடுத்த நகர்வைச் சொல்பவரை. அணியின் பெரிய பணம் குவார்ட்டர்பேக்கின் மேல் கட்டப்பட்டிருக்கு, அதனால் அவர்கள் கணக்கும் புரிகிறது. ஆனால் லைன் கோச் பொதுவாக நகர்வு சொல்பவர் இல்லை. கேமரா அவரைக் காட்டுவதும் இல்லை.

இதற்கு மிகச்சிறந்த சாட்சி, கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் ஆண்டி ரீட். மூன்று சூப்பர் பவுல் ஜெயித்த அந்தப் பெரிய மீசைக்காரர் அடிப்படையில் ஒரு லைன் ஆள். கல்லூரியில் லைனில் ஆடியவர். சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட், நார்தர்ன் அரிசோனா, டெக்சஸ் எல் பாசோ, மிசௌரி என்று சுமார் பத்து வருடம் கல்லூரிகளில் லைன் சொல்லிக்கொடுத்தவர். சான் ஃபிரான்சிஸ்கோவில் அணிக்கு நிதி திரட்ட ஹாட் டாக் விற்றவர். 1992இல் கிரீன் பே பேக்கர்ஸில் சேர்ந்தபோதும் டைட் எண்ட், லைன் உதவி என்று அதே பக்கம்தான். 1997இல் அவரைக் குவார்ட்டர்பேக் கோச் ஆக்கினார்கள். இரண்டே வருடம். 1999இல் ஈகிள்ஸ் அவரை நேரடியாகத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது, நடுவில் கோஆர்டினேட்டராகக்கூட இருந்ததில்லை. அத்தனை வருட லைன் வேலை திறக்காத கதவை, இரண்டு வருடக் குவார்ட்டர்பேக் அறை திறந்துவிட்டது.

விருதுகளும் இதே கதையைத்தான் சொல்கின்றன. அசோசியேட்டட் பிரஸ் 2014 சீசனில் இருந்து சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கு விருது கொடுக்கிறது. 2024 சீசன் வரை 11 விருதுகள். பதினொன்றும் கோஆர்டினேட்டர்களுக்கே. விருதின் பெயர் உதவிப் பயிற்சியாளர் என்றாலும், லைன் கோச்சோ வேறு எந்தப் பொசிஷன் கோச்சோ அந்தப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. ஸ்கார்னெக்கியாவின் 2016 சீசனைவிடச் சிறந்த வாய்ப்பு எதற்குக் கிடைக்கப்போகிறது? அந்த வருடம் விருது வாங்கியவர் அட்லாண்டாவின் கைல் ஷனஹன். சூப்பர் பவுலில் தோற்ற அணியின் கோஆர்டினேட்டர். வாக்குப்பதிவு பிளே ஆஃபுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் அதைத் தவறு சொல்ல முடியாது. இருந்தாலும் உறுத்துகிறது.

போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள்

சிலர் லைனிலிருந்தே மேல்படிக்கு ஏறியிருக்கிறார்கள். என்ன ஆனது?

ஜோ பூகெல். 1982இல் வாஷிங்டன் அணியின் லைனுக்கு 'ஹாக்ஸ்', அதாவது பன்றிகள், என்று பெயர் வைத்தவர். திட்டுகிற மாதிரி இருந்தாலும், அமெரிக்க ஃபுட்பாலில் லைன்மேன்களுக்கு ரசிகர் மன்றம் மாதிரி ஒன்று உருவானதே அந்தப் பெயரால்தான். அந்தப் புகழோடு 1990இல் ஃபீனிக்ஸ் கார்டினல்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நாலு சீசன், 20 வெற்றி, 44 தோல்வி. 1997இல் ஓக்லாண்ட் ரைடர்ஸில் ஒரே ஒரு சீசன், 4 வெற்றி, 12 தோல்வி. அதன் பிறகு லைன் கோச்சாகவே திரும்பி, 2004இல் மறுபடி வாஷிங்டனுக்கே வந்து, 2009 சீசன் வரை அதே வேலையைப் பார்த்தார்.

பில் கேலஹன். ரைடர்ஸின் தலைமைப் பயிற்சியாளராக முதல் சீசனிலேயே, 2002இல், சூப்பர் பவுல் வரை போனவர். இறுதியில் தம்பா பேயிடம் 48-21 எனத் தோல்வி. அடுத்த சீசன் 4-12, வேலை போச்சு. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் நாலு வருடம், அதுவும் சரிவரவில்லை. பிறகு லைனுக்கே திரும்பினார். ஜெட்ஸ், கௌபாய்ஸ், வாஷிங்டன், பிரவுன்ஸ். போன இடமெல்லாம் லைன் பலமானது. அவர் டாலஸில் இருந்த 2014இல் டிமார்கோ மரே 1,845 யார்டு ஓடி லீகில் முதலிடம் பிடித்தார். 2024இல் டென்னசி டைட்டன்ஸுக்கு வந்தார். அப்போது அங்கே அவருடைய பாஸாக இருந்தவர் யார் தெரியுமா? சொந்த மகன் பிரையன் கேலஹன். பிரையன் வளர்ந்தது குவார்ட்டர்பேக் பக்கமாக. அப்பா லைன் வாத்தியாராகவும், மகன் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார்கள். ஏணி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு என்பதை அந்த ஒரு குடும்பமே காட்டிவிடும்.

மைக் மன்சக் கதை கொஞ்சம் வேற மாதிரி. ஆட்டக்காரராகவே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்த கார்டு. டைட்டன்ஸின் லைன் கோச்சாகப் பல வருடம் இருந்து, 2011இல் அதே அணிக்குத் தலைமை ஏற்றார். மூன்று சீசன், 22-26. 2014 ஜனவரியில் அவர் வெளியேறியபோது வந்த செய்திகளின்படி, உதவிப் பயிற்சியாளர்கள் பலரை நீக்கினால் தொடரலாம் என்று சொல்லப்பட்டது, அவர் மறுத்துவிட்டார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு லைன் கோச்சாகப் போனார். அங்கே அவர் கையில் கிடைத்தவர்களில் ஒருவர் அலெஹான்ட்ரோ வில்லனுவேவா. ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய முன்னாள் ராணுவ ரேஞ்சர். வேறொரு அணி தற்காப்புப் பக்கம் முயன்று பார்த்து விட்டுவிட்ட ஆள். அவரைத்தான் மன்சக் லெஃப்ட் டேக்கிளாக நிறுத்தினார்.

மூன்று பேரையும் 'தோற்றுப்போனவர்கள்' என்று எழுதுவது சுலபம். அது தப்பான வாசிப்பு. தலைமைப் பயிற்சியாளர் வேலை என்பது பத்திரிகையாளர் சந்திப்பு, உரிமையாளரோடு பேச்சு, சம்பள வரம்பு, 53 பேரின் மனநிலை என்று இன்னொரு உலகம். அது லைன் கோச் வேலையின் பெரிய வடிவம் இல்லை. வேறு வேலை. பிரமாதமாக கோட் எழுதும் ஒருவரை மேனேஜர் ஆக்கி, நாள் முழுக்க மீட்டிங்கில் உட்காரவைத்துவிட்டு, 'இவர் பழைய மாதிரி இல்லையே' என்று புலம்பும் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

அப்ப என்னதான் வழி?

'அவருக்கு லட்சியம் இல்லை' என்று நடுப்படியில் நிற்பவரைப் பற்றிச் சொல்வதை முதலில் நிறுத்தலாம். அதே சமயம், மேலே போக விரும்பும் லைன் கோச்சை 'உனக்கு அங்கதான் செட்டாகும்' என்று தட்டிக்கொடுத்து அங்கேயே உட்காரவைப்பதும் நியாயம் இல்லை. ரீட் மாதிரி ஒருவரை லைன் அறையிலேயே பூட்டிவைத்திருந்தால் நஷ்டம் யாருக்கு? தேவை இரண்டாவது ஏணி. அறையை விட்டு வெளியே வராமலேயே மரியாதையும் சம்பளமும் உயர்கிற ஏணி.

ஈகிள்ஸ் அதை ஓரளவு செய்தது. 2018இல் ஸ்டவுட்லேண்டுக்கு 'ரன் கேம் கோஆர்டினேட்டர்' என்ற பட்டத்தையும் சேர்த்துக் கொடுத்தது. லைன் அறையும் அவரிடமே இருந்தது. வேறு சில அணிகளும் இதே பட்டத்தைப் பயன்படுத்துகின்றன. வெறும் விசிட்டிங் கார்டு மாற்றம்தானே என்று கேட்கலாம். அதிகாரமும் சேர்ந்து வந்தால் இல்லை. ஓட்டத் தாக்குதலை வடிவமைப்பதில் அவருடைய சொல்லுக்கு எடை இருந்தால் அது நிஜமான உயர்வு. விருது கொடுப்பவர்களும் பொசிஷன் கோச்சுக்கு என்று தனியாக ஒன்று தொடங்கினால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

ஏனெனில் இந்த அறைகளில் நடப்பது சாதாரண விஷயம் இல்லை. ஸ்டீபன் நீல் கல்லூரியில் ஃபுட்பாலே ஆடாதவர். 1999 கல்லூரி மல்யுத்த இறுதியில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பிராக் லெஸ்னரைத் தோற்கடித்தவர், அதே வருடம் உலக சாம்பியன். அந்த மல்யுத்த வீரர்தான் ஸ்கார்னெக்கியாவின் லைனில் கார்டாக நின்று சூப்பர் பவுல் மோதிரம் வாங்கினார். ஸ்கார்னெக்கியா 2020 ஜனவரியில் இரண்டாவது முறையாக, இந்த முறை நிஜமாகவே, ஓய்வு பெற்றார். 2023இல் பேட்ரியாட்ஸ் தன் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது.

ஸ்டவுட்லேண்டுக்குக் கிடைத்த கௌரவம் வேறு வகை. ஜோர்டன் மைலாட்டா சிட்னியில் வளர்ந்த ரக்பி லீக் வீரர். 2018 டிராஃப்டின் கடைசிச் சுற்றில், 233வது ஆளாக ஈகிள்ஸ் அவரை எடுத்தபோது, அவர் அதுவரை ஒரே ஒரு அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியதில்லை. முதல் இரண்டு சீசனில் களத்துக்கே வரவில்லை. ஸ்டவுட்லேண்டின் அறையில் படித்துக்கொண்டிருந்தார். 2021இல், முதல் சுற்றில் எடுக்கப்பட்ட ஆண்ட்ரே டில்லார்டை முந்திக்கொண்டு லெஃப்ட் டேக்கிள் இடத்தைப் பிடித்தார். அதே வருடம் நாலு வருடத்துக்கு 6.4 கோடி டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் கான்சஸ் சிட்டியை 40-22 என வீழ்த்தி சூப்பர் பவுல் சாம்பியன்.

அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஆட்டத்தின் தொடக்கத்தில், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படித்த கல்லூரியையும் கேமராவைப் பார்த்துச் சொல்வது வழக்கம். ஓஹையோ ஸ்டேட், அலபாமா என்று வரிசையாக வரும். மைலாட்டா எந்தக் கல்லூரியிலும் ஃபுட்பால் ஆடியதில்லை. அவர் முறை வந்தபோது பெயரைச் சொல்லிவிட்டு, கல்லூரிப் பெயரையும் சொன்னார்: ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் பல்கலைக்கழகம்.